நீல வட்டத்துக்குள் ஓர் அம்பு

தைத்த துணிகளைத் தானே கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றுதான் தையல்காரிக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. கணவர் லாரி ஓட்டுநர். "டிரைவிங் ஸ்கூலாம், ஸ்கூல்! நான் எதுக்கு இருக்கேன்?" என்று மார்தட்டினார்.

சாயங்காலம் மேசையில் கிடக்கும் வெட்டுத் துணிகளை ஒதுக்கிவிட்டு, சாலைப் பலகைகளை அட்டையில் வரைந்து காட்டுவார். நீல வட்டம், உள்ளே இடப்பக்கம் பார்க்கும் வெள்ளை அம்பு.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"இடது பக்கமும் போகலாம்."

"கெட்டிக்காரி!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதே இல்லை. அதற்காகவே தெரிந்ததையும் தெரியாததுபோல மறுபடி கேட்பாள்.

டெஸ்டில் அதே நீல வட்டம் வந்தது. அவள் நேராக விட்டாள். எதிரே வந்த வேன் ஹாரனை அலறவிட்டது. அதிகாரியம்மா தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. இடது பக்கமும் போகலாம்னு..."

"போகலாம் இல்லம்மா, போயே ஆகணும்! யார் இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"நானாத்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். கணவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வீடு திரும்பும்போது தங்கள் காரை அவர்தான் ஓட்டினார். அதே முனையில் யோசிக்காமல் இடப்பக்கம் ஒடித்தார்.

"ஏங்க, நேராப் போனாத்தானே நம்ம வீடு கிட்ட?" என்று ஒன்றும் தெரியாததுபோலக் கேட்டாள்.

"எப்படிப் போறது? இடது பக்கம் மட்டும்னு போட்டிருக்..."

பேச்சு பாதியில் நின்றது. காரை ஓரம் கட்டினார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

"வேணும்னேதான் மாத்திச் சொன்னீங்களா?"

"நீ பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிட்டா, அப்புறம் என்னை எதுக்குத் தேடப்போறே? ஒரு தடவை ஃபெயிலானா நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"எதிர்ல வேன் வந்துச்சுங்க."

டெஸ்ட் போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சாயங்காலங்கள் அத்தனையும் பொய்யாகிப்போனதுதான் நெஞ்சை அறுத்தது. கெட்டிக்காரி என்று அவர் சிரித்ததெல்லாம் அவள் தப்பாகச் சொன்னபோதுதானே!

மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸும் வாங்கினாள். ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி, "என்னை டிப்போல விட்டுடறியா?" என்றார். ஏற்றிக்கொண்டாள். முதல் முனை வந்ததும் அவர் கையை நீட்டி ஏதோ சொல்ல வந்தார்.

"வேணாங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.