இரைச்சலை மூடும் குமிழ்

...இல்லை, இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும், விட்டால் இந்த முடிதிருத்துபவர் மைக்கைக் கடித்தே தின்றுவிடுவார் என்று நினைப்பதற்குள் அவன் விரல் குமிழைத் திருப்பிவிட்டிருந்தது. ஹெட்ஃபோனுக்குள் அந்த மனிதரின் கோபம் தகரக் கூரைமேல் கல் விழுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் வைத்த மேசை முன், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். மேடையில் அதிகாரிகள், அவர்கள் பக்கத்தில் கம்பெனியின் நீலச்சட்டைக்காரர், எதிரே ஊர். வாய்க்காலுக்கு அப்பால் எண்ணெயில் ஓடும் பழைய மின் நிலையத்தை ஒட்டியே, எரிவாயுவில் ஓடும் புதியது ஒன்றைக் கட்டலாமா கூடாதா என்று மக்களைக் கேட்கிறார்கள், அல்லது கேட்பதாகச் சொல்கிறார்கள்... எதுவானால் என்ன, பேசுகிறவர் பேச்சு தெளிவாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதானே அவன் வேலை? "என் கடைக்கு வந்து பாருங்க சார், இருமுற தலையில எப்படி சார் கத்திரி வைக்கிறது? நேத்து ஒருத்தருக்குக் காது தப்பிச்சதே பெரிய விஷயம்!" மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து, புது நிலையத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்த வெல்டர், "கரண்டு வேணாம்னு சொல்றவருக்குக் கரண்டு மைக்கு எதுக்குங்க?" என்று கத்த, அதற்கும் சிரிப்பு, மேசைக்குப் பின்னால் அவனுக்கும் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும் போனது. அடுத்து அக்கா.

நாற்காலிகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்து வருகிறாள், படகில் நடப்பவள் மாதிரி, ஏன் யாராவது கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தட்டிவிடுவாள், அது வேறு... நேற்று சாயங்காலம் நிலையத்தின் வேலியை ஒட்டிய அவள் வீட்டில், இரண்டு தலையணையில் சாய்ந்தபடி சொன்னாள், "நான் பேசுறது எல்லாருக்கும் கேக்கணும்டா, அது உன் பொறுப்பு." "அதுக்குத்தானேக்கா நான் இருக்கேன்." "நீ இருக்கறது எனக்குத் தெரியும். கேக்கணும்." இந்த அக்காதானா ஒரு காலத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தவள், தெருவே திரும்பிப் பார்க்கும், விளையாட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவன் ஓடுவான், அந்தக் காற்றெல்லாம் எங்கே போனது? மைக் முன்னால் வந்து நின்றுவிட்டாள். ஹெட்ஃபோனில் முதலில் வந்தது அவள் பேச்சு இல்லை, மூச்சு... ஓட்டைத் துருத்தியை யாரோ மிதிப்பதுபோல் ஓர் இழுப்பு. அவன் விரல் உடனே இன்னொரு குமிழுக்குப் போனது. அதை அவன் கதவு என்பான், பேச்சு நிற்கும்போதெல்லாம் தானாக மூடிக்கொண்டு, மின்விசிறி, நாற்காலி இழுபடுவது, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற உலகம் எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிடும், பேச்சு வந்தால் திறக்கும். கதவை நன்றாக இறுக்கினான். எவ்வளவோ கூட்டங்களில் செய்ததுதான், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"புதுசுல புகையே கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்றீங்க," என்றாள் அக்கா. "கண்ணால பாத்து எனக்கு இந்த நோய் வரல சார்." மண்டபத்தின் ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து அந்தக் குரல் கழுவி வைத்த கண்ணாடிபோல் போனதை, ஹெட்ஃபோனையும் தாண்டி அவனால் உணர முடிந்தது, முன்வரிசைத் தலைகள் நிமிர்ந்தன, விசில் அடித்த அக்காவின் குரல்... அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "நான் நிறைய பேசப் போறதில்ல. பேசவும் முடியாது. கொஞ்ச நேரம் இப்படியே நிக்குறேன், நீங்க கேளுங்க." மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். சும்மா மூச்சு விட்டாள். உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சு, வெளியே விடும்போது ஈரத்தில் கல் உரசுவதுபோல் ஒன்று, நடுவில் அடுத்தது வருமா வராதா என்ற இடைவெளி. அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஐயோ, இதைவிடப் பேச்சு என்ன இருக்கிறது, என்ன தைரியம் இவளுக்கு, மண்டபத்தில் ஒரு இருமல் இல்லை, ஒரு நாற்காலி அசையவில்லை, எல்லோரும் உறைந்துவிட்டார்கள், அப்படித்தான் நினைத்தான்... கண்ணைத் திறந்தபோது நீலச்சட்டைக்காரர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். நடுவில் இருந்த அதிகாரியின் வாய் அசைந்தது. ஹெட்ஃபோனை ஒரு பக்கம் தூக்கினான். "முடிஞ்சுதாம்மா?"

பெட்டிகளிலிருந்து ஒன்றுமே வரவில்லை. சுத்தமான, அவன் தொழிலில் எல்லோரும் பாராட்டும் அமைதி. ஹெட்ஃபோனுக்கு வருவது கதவுக்கு இந்தப் பக்கத்துச் சத்தம், அப்படித்தான் அவனே கம்பி கொடுத்து வைத்திருக்கிறான், அவனுக்கு எல்லாம் கேட்கும், ஊருக்கு அவன் விட்டதுதான் கேட்கும். இது தெரியாதா அவனுக்கு? கை செய்ததா, அவன் செய்தானா, அவள் குரல் பழைய அக்காவின் குரலாகவே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டது எது? அக்கா தலையை உயர்த்திப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மண்டபத்தின் நீளம் முழுவதும் தாண்டி அவனைப் பார்த்தாள். "நன்றிம்மா, தெளிவா பேசுனீங்க, உக்காருங்க," என்றார் அதிகாரி, ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து அவன் மேசை வரைக்கும் வந்து நின்றாள். "கேட்டுச்சாடா?" "எனக்குக் கேட்டுச்சுக்கா..." "உனக்கு வீட்டுலயே கேக்குமேடா," என்றாள், கோபமில்லாமல், அதுதான் அவனால் தாங்க முடியவில்லை, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீலச்சட்டைக்காரர் பதில் சொல்ல மைக்கிடம் வந்தார். அவன் கதவை முழுக்கத் திறந்துவிட்டான், இப்போது எதற்கு, இனி என்ன வரப்போகிறது, தெரியவில்லை. வந்தது. பெட்டிகளின் அடியிலிருந்து ஒரு கனத்த முனகல், விடாமல், தரையோடு... மின்விசிறியா? இல்லை, ஜன்னல் வழியாக வாய்க்காலைத் தாண்டி வரும் பழைய நிலையம், அவன் பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சத்தம், அதை எப்போது கேட்பதை நிறுத்தினான், எந்தக் குமிழ் அது, யார் திருப்பினார்கள்? முன்வரிசையில் ஒருவர் அண்ணாந்து பார்த்தார், முடிதிருத்துபவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "தம்பி, மைக்ல ஏதோ இரையுதே, கொஞ்சம் சரி பண்ணுங்க," என்றார் நீலச்சட்டைக்காரர், சிரித்த முகமாக. மண்டபமே அவனைத் திரும்பிப் பார்த்தது, அக்காவைத் தவிர. அவன் விரலுக்கு அந்தக் குமிழ் இருக்கும் இடம் கண்ணைக் கட்டினாலும் தெரியும். கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"மைக் சரியாத்தான் சார் இருக்கு," என்றான். பேசியது தன் குரல்தானா என்று இருந்தது.