கதவில் ஒட்டிய ஆராய்ச்சி

கிட்டே வாருங்கள் என் கண்மணிகளே, ரத்தம் சிந்திய கதை ஒன்று சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஈயச் சுரங்க ஊரில், ஜனங்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் என்று ஆராய்ந்தவள் ரலிட்சா. அவளிடம் ரத்தம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். கண்டதை இணையத்தில் போட்டால் அன்றே உலகத்துக்குத் தெரியும். ஆனால் தலைநகர் சோபியாவில் பேராசிரியர் பதவிக்குக் கேட்பது அச்சுப் புத்தகம். அவள் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

புத்தக அட்டையின் பசை காய்வதற்குள் சுரங்க முதலாளியின் அடியாள் ராங்கெல் அச்சகக் கதவை உதைத்துத் திறந்தான். அச்சகக்காரர் ஸ்லாவ்சோவின் கையில் இரும்புத் தடி இறங்கியது, எலும்பு முறிந்தது. புத்தகங்கள் முற்றத்தில் பெட்ரோலில் எரிந்தன. நெருப்புக்குள் பாய்ந்த ரலிட்சாவை முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். ஒரு பல் தெறித்தது.

"என்ன டாக்டரம்மா, நெட்டுல போடுவியா? போட்டுப் பாரு, அடுத்தது உன் விரலு."

அவன் போனதும் ஸ்லாவ்சோ முனகினார்: "நெட்டுலயே போட்டுடும்மா. பதவியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"நம்ம கிழடுங்க நெட்டுலயா படிக்கும், மாமா? அதுங்க நின்னு படிக்கிறது ஒரே காகிதம்தான்."

ஸ்லாவ்சோவுக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் ஆள் செத்தால் படத்தோடு அறிவிப்பு அடித்துக் கதவில் ஒட்டுவோம், வருஷாவருஷம் புதுப்பிப்போம். அதைக் கிழிப்பவன் மனுஷனே இல்லை.

செத்தவர்களின் வீடுகளில் சம்மதம் கேட்டார்கள். எந்த வீடும் மறுக்கவில்லை. ஸ்லாவ்சோ ஒற்றைக் கையால் ராவோடு ராவாக அச்சடித்தார். விடிந்தபோது கதவுக்குக் கதவு ஒரு முகம், ஒரு பெயர், அடியில்: 'இவர் ரத்தத்தில் ஈயம், இருக்கலாம் என்ற அளவைப் போல நான்கு மடங்கு.'

ராங்கெல் தடியோடு வந்து ஒன்றைக் கிழித்தான். அந்த வீட்டு விதவை சோனா கோடரியின் பின்பக்கத்தால் அவன் முழங்காலை நொறுக்கினாள்.

"எம் புருஷன் மூஞ்சியையா கிழிக்கிற, நாயே?"

தெருவே கூடி அவனை மிதித்தது. தவழ்ந்து தன் வீட்டு வாசலுக்கு வந்தான். கதவில் செத்துப்போன அவன் அப்பாவின் முகம். பக்கத்தில் பசைத் தூரிகையோடு அம்மா.

"உங்கப்பனையும் கிழிடா."

படித்தான். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு தடியை ஊன்றி எழுந்து, மேட்டிலிருந்த முதலாளி வீட்டுக்கு நொண்டி நொண்டிப் போனான். கண்ணாடி உடையும் சத்தமும் முதலாளியின் அலறலும் கீழே வரை கேட்டன.

அதற்குள் யாரோ கதவுகளைப் போனில் படமெடுத்து, ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். இணையமெங்கும் அந்த முகங்கள்; யாராலும் அழிக்க முடியவில்லை. ரலிட்சாவுக்குப் பதவி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பல் போன வாயோடுதான் சிரிக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பானையில் ஈயமில்லாத நல்ல தண்ணீர் நிறையட்டும், செல்லங்களே. உங்கள் கதவு நெடுங்காலம் வெறும் கதவாகவே இருக்கட்டும்.