கரண்டி வருகிற பஸ்

கெண்டைக்கால் நரம்பு சுருட்டி இழுக்கிறது, இழுக்கட்டும், காலை உதறிக்கொண்டு நிமிர்ந்தால் டவுன் பஸ் என்னைக் கடந்துபோகிறது, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகப் பிளந்து, என் பெண்டாட்டி பேச்சி தூங்கிக்கொண்டு போகிறாள், மடியில் என் கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் போட்ட சாக்குப்பை, பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு, அதனால் பை அவளோடு பஸ்ஸில் போகும், நான் ஒத்தக்கடையிலிருந்து வெறுங்கையோடு நடப்பேன், மாட்டுத்தாவணிப் பக்கம் ஆள் எடுக்கிற முக்கில் இறங்கி நிற்பாள், கொத்தனார் நான், சித்தாள் அவள், பெட்ரோல் விலைக்கு மொபெட்டை நிறுத்தி, ஷேர் ஆட்டோவும் பத்து இருபதாகி முப்பதான பிறகு இதுதான் எங்கள் ஏற்பாடு, வேலை கிடைக்குமா என்றே தெரியாத காலையில் ரோட்டுக்குக் கூலி கொடுக்க நான் என்ன கிறுக்கனா, தூங்குகிறாளே, முக்கைத் தாண்டிவிடுவாளே என்று பஸ் பின்னால் ஓடுகிறேன், இல்லை, ஓடியதெல்லாம் பிறகு கனவில், அன்றைக்குப் பீடியைப் பற்றவைத்து எட்டிப்போட்டுத்தான் நடந்தேன், முழித்துக்கொள்வாள் என்று நம்பினேன், முக்கில் அவள் இல்லை.

மேஸ்திரி குருவையா வண்டியோடு வந்து நிற்கிறார், மாடி வீட்டுப் பூச்சு, பத்து நாள் வேலை, மகளுடைய காலேஜ் பஸ் கட்டணத்துக்கு நான் அதைத்தான் நம்பியிருக்கிறேன், கரண்டி எங்கய்யா என்கிறார், பஸ்ல வருதுண்ணே, அப்ப நீ, நடந்து வந்தேண்ணே, கரண்டிக்குச் சவாரி, கொத்தனாருக்கு நடையாக்கும் என்று ஒருத்தன் சொல்ல முக்கே சிரிக்கிறது, கையை வீசிக்கிட்டு வந்தவனை எப்படிய்யா ஏத்துறது என்று மேஸ்திரி அடுத்தவனைப் பார்க்கிறார், பொறுங்கண்ணே, எம் பூச்சைப் பாத்தவருதான நீங்க, கரண்டி வரும் என்றேன், அந்நேரம் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ, நிற்குமுன்னே பையோடு குதிக்கிறாள் பேச்சி, அண்ணா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூங்கிட்டேன்யா, திரும்புற பஸ்ஸுக்கு நின்னா வேலை போயிரும்ல, என்னை அப்புறமா வையி, இப்ப வண்டியில ஏறு என்கிறாள், ஆட்டோக்காரர் சிக்கந்தர் முப்பது ரூபாய்க்குக் கை நீட்டுகிறார், இரண்டு பேரிடமும் காசில்லை, டீசல் என்ன எங்க மாமனாரா ஊத்துறாரு என்று கத்தியவர், மேஸ்திரியின் வண்டி உறுமுவதைப் பார்த்துவிட்டு, போக்கா, மொத வேலைக்குப் போங்க, நாளைக்குக் குடு என்றார்.

மறுநாள் காசோடு நின்றோம், அவர் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை, டீசலுக்கும் தவணைக்கும் கட்டுப்படியாகாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள், பூச்சு முடிந்தது, காலேஜ் பஸ்ஸுக்குக் கட்டியாயிற்று, கெண்டைக்கால் இன்றைக்கும் இழுக்கிறது, நிமிர்ந்தால் அதே டவுன் பஸ், உட்கார இடமிருந்தும் பேச்சி நின்றுகொண்டே போகிறாள், என்னைக் கண்டதும் ஜன்னல் வழியே கரண்டியை நீட்டி ஆட்டுகிறாள், முழிச்சிட்டுத்தான் இருக்கேன் என்று, அதன் தகட்டில் வெயில் பட்டு மின்னுகிறது, நான் எட்டிப்போட்டு நடக்கிறேன், எதிரே வருகிற ஒவ்வொரு ஷேர் ஆட்டோவிலும் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சிக்கந்தருக்கு முப்பது ரூபாய் தர வேண்டும்.