முப்பது பேருக்கான கூடம்

விடுதியின் தென்கோடியில் இருந்த சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்காரலாம். அதில் உமர் பாரூக் ஒருவன்தான் சாப்பிட்டான்.

மதுரை நகரத்துச் சந்துகளுக்குள் நெருக்குண்டு கிடந்த அந்தக் கல்லூரியை, சமயநல்லூர்ச் சாலையோரம் திறந்த வெளிக்குக் கொண்டுவருவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. அதற்காக இருபத்தைந்து வருஷத் திட்டம் ஒன்றை வகுத்தவர் சரித்திரப் பேராசிரியர் தெய்வநாயகம். விடுதி வார்டனும் அவர்தான். நூல்நிலையம் எங்கே, ஆராய்ச்சிச் சாலை எங்கே, எந்த வருஷம் எந்தக் கட்டடம் எழும் என்பதெல்லாம் பெரிய வரைபடமாக அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. பிள்ளைகள் தங்க இடம் இருந்தால்தான் கல்லூரி வளரும் என்று நம்பி, முதலில் விடுதியைக் கட்டவைத்தார். வகுப்புகள் தகரக் கொட்டகையில் நடந்தன.

அந்தக் காலத்து வழக்கப்படி விடுதியில் பிராமணப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி, மற்ற இந்துப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி, முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி. இல்லாவிட்டால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். முஸ்லிம் மாணவர்கள் அப்போது மிகச் சிலர். அவர்களும் நகரத்துக்குள் இருந்த தங்கள் வீடுகளிலிருந்து காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பினார்கள். ஆனாலும், இனிமேல் வரப்போகிறவர்கள் நம்மை யாரும் நினைக்கவில்லையே என்று வருந்தக் கூடாது என்பதற்காகத் தனிக் கூடம், தனி அடுப்பு, பெரிய தேக்சாப் பாத்திரம், மணைப்பலகைகள் எல்லாவற்றையும் தெய்வநாயகம் முன்கூட்டியே செய்துவைத்தார். நல்ல மனசோடு செய்ததுதான். தங்க வந்ததோ உத்தமபாளையத்து உமர் பாரூக் மட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் அடுத்த கூடத்துச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். யாரையோ யாரோ கேலி செய்வார்கள்; கொல்லென்று சிரிப்பு எழும். என்ன கேலி என்று இவனுக்குக் கேட்காது, சிரிப்பு மட்டும்தான் வந்து சேரும். ஒருநாள் அந்தச் சிரிப்போடு தானும் சேர்ந்து சிரித்துவிட்டு, உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பரிமாறிக்கொண்டிருந்த சமையற்காரர் நாகூர் கனி அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல, "கல்யாண வீட்டுல ஆக்குற கை தம்பி இது. ஒத்தை ஆளுக்கு ஆக்கி ஆக்கி உப்பு எம்புட்டுப் போடணும்னே மறந்துபோச்சு. கரிச்சா சொல்லிரு, என்ன?" என்றார்.

"கரிக்கலண்ணே."

கார்த்திகை மழையோடு ரமலான் வந்தது. ஊரில் நோன்பு திறக்கும் நேரத்தில் வீடே ஒரு பாயில் உட்கார்ந்திருக்கும். அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பா பேரீச்சம்பழத்தைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டாகக் கையில் வைப்பார். இங்கே பள்ளிவாசல் பாங்கு சத்தம்கூடக் காதில் விழவில்லை. நாகமலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை மேகம் மறைத்துக்கொண்டது. நாகூர் கனி வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இப்பத் திறக்கலாம் தம்பி" என்று சொன்ன பிறகு, காலிப் பலகைகளின் நடுவே உமர் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுப்பான். பசி இருக்கும், பாதியிலேயே கோப்பையைக் கீழே வைத்துவிடுவான்.

ஒரு வாரம் பொறுத்தான். பிறகு வார்டன் வீட்டுக்குப் போய், படிப்பை விட்டுவிட்டு அத்தாவின் மிளகாய்க் கடைக்குப் போகப்போவதாகச் சொன்னான்.

தெய்வநாயகம் திடுக்கிட்டார். "உனக்கு இங்க என்னப்பா குறை? தனிச் சமையல். தொழுறதுக்குத் தனி இடம். ஒருத்தரும் உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மத்தப் பையன்களைக் கண்டிச்சு வச்சிருக்கேன்."

"ஒரு குறையும் இல்ல சார்."

அவனுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் அவனை வரைபடத்தின் முன்னால் அழைத்துப்போய் விரல் வைத்துக் காட்டினார். "சனிக்கிழமை நிர்வாகத் தலைவர் வர்றார். ஆள் இல்லாத கூடத்தை சிமெண்ட் அடுக்கக் கேட்கிறார். நீ போயிட்டா அது கையைவிட்டுப் போயிடும். நாளைக்கு வரப்போற பிள்ளைகளுக்கு இடம் இருக்காது. அவங்களுக்காக இரு. தலைவர் கேட்டா, இந்தக் கூடம் வேணும்னு சொல்லு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

தலையாட்டிவிட்டு வந்தான். தன்னோடு உட்கார ஒருவரும் இல்லாத இடத்தில், இன்னும் பிறந்தார்களோ இல்லையோ தெரியாத முப்பது பேருக்காக அவன் இருக்கவேண்டியிருந்தது.

மறுநாள் அந்திக்குச் சற்று முன் கூடத்து வாசலில் யாரோ தும்மினார்கள். அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை நல்லகாமன். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அவன் கையில் பித்தளை டம்ளர் இருந்தது.

"பாய், கஞ்சி இருக்கா?"

உமருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன முழிக்கிற மாப்ள? மூணு நாளா நெஞ்சு பூராச் சளி. ஊர்ல நோன்பு மாசம் வந்தா எங்காத்தா தூக்குச்சட்டியோட பள்ளிவாசல்ல போய் நிக்கும். அந்தக் கஞ்சியக் குடிச்சாத்தான் எனக்குச் சளி எறங்கும். இங்க வாசனை மட்டும் எங்க கூடத்துக்கு வருது, கஞ்சி வரமாட்டேங்குது. அடுக்குமா இது?"

"உள்ள வா."

"ஆளை மாட்டிவிடப் பாக்குறியா? இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு வார்டன் ஆர்டர். படி வரைக்கும் வாரேன். படியப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

நாகூர் கனி அகப்பையோடு ஓடிவந்தார். "ஏன்டா தம்பி, இம்புட்டு நாளா எங்கடா போன?"

"உமருக்கு ஆளுக பேசுனாப் பிடிக்காதாக்கும்னு நெனச்சோம்ணே. மூஞ்சிய எப்பவும் கணக்கு வாத்தியாராட்டம்ல வச்சிருக்கான்."

உமர் சிரித்தான். இந்தத் தடவை என்ன கேலி என்று தெரிந்து சிரித்தான். தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தான். நல்லகாமன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய், நிறுத்தி, கீழே வைத்தான்.

"குடி, ஆறிப்போகும்" என்றான் உமர்.

"நீ இன்னும் நோன்பு திறக்கலையேப்பா. நீ குடிச்ச பெறகு குடிக்கிறேன். அம்புட்டு அவசரமா?"

இறைவன் தன் அன்பைப் பெரும்பாலும் இப்படி, ஆறிக்கொண்டிருக்கும் ஒரு டம்ளர் கஞ்சியின் வழியாகத்தான் அனுப்புகிறான். அவனுடைய ஏற்பாடு அது.

அடுத்த நாள் நல்லகாமன், "இவனுக்கும் சளியாம்" என்று தன் பந்தித் தோழன் காளையைக் கூட்டிவந்தான். அதற்கடுத்த நாள் வந்த மருதுவுக்குச் சளியே இல்லை. இறைச்சி சாப்பிடாதவர்கள் வந்தாலும் வரலாமென்று நாகூர் கனி கஞ்சியில் கறி போடுவதை நிறுத்திவிட்டு, பயற்றம்பருப்பையும் தேங்காய்ப்பாலையும் கூட்டினார்.

சனிக்கிழமை நிர்வாகத் தலைவர் வார்டனோடு வந்தபோது, கூடத்துக்குள் பலகைகள் தூசியோடு கிடந்தன. வாசற்படியில் ஐந்தாறு பையன்கள் டம்ளர்களை முன்னால் வைத்துக்கொண்டு சூரியன் இறங்கக் காத்திருந்தார்கள். பெரியவர்களைக் கண்டதும் எழுந்தார்கள். இரண்டு பேர் டம்ளரை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். வார்டன் முகம் சிவந்தது.

தலைவர் உள்ளே எட்டிப்பார்த்தார். "யாருக்குய்யா இம்புட்டுப் பெரிய கூடம்?"

"வருங்காலத்துக்குங்க. இந்தப் பிள்ளையைக் கேளுங்க" என்று தெய்வநாயகம் உமரைக் காட்டினார். "சொல்லுப்பா. இந்தக் கூடம் வேணுமா, வேண்டாமா?"

உமர் அவரையே பார்த்தான். அந்தக் கண்களில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு வேண்டாம் சார்" என்றான். "அடுப்பு மட்டும் இருந்தாப் போதும். இந்தப் படியிலயே உக்காந்து சாப்பிட்டுக்கிறேன்."

"மழை பேஞ்சா?" என்றார் தலைவர்.

நல்லகாமன் முந்திக்கொண்டான். "எங்க கூடத்துத் தாழ்வாரத்துக்கு வந்துருவான் சார். அங்க ஒழுகாது. நாங்களும் அங்க வந்து உக்காந்துக்குவோம்."

"உங்க வீடுகள்ல கேட்டா?"

டம்ளரை மறைத்திருந்த இருவரும் மெல்ல நகர்ந்து போய்விட்டார்கள். தலைவர் பந்திகளைச் சேர்க்கச் சொல்லவில்லை. தாழ்வாரம் கூடாதென்றும் சொல்லவில்லை. "திங்கட்கிழமை சிமெண்ட் வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நோன்பு திறந்து தொழுத பிறகு, உமர் ஒரு கோப்பைக் கஞ்சியை மூடி எடுத்துக்கொண்டு வார்டன் வீட்டுக்குப் போனான். மனைவி இறந்த பிறகு அவர் அந்த வீட்டில் தனியாக இருந்தார். வரைபடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். விளக்கு ஏற்றியிருக்கவில்லை.

"வேணும்னு சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"சொல்லியிருந்தாப் பொய்யாப் போயிருக்கும் சார். நோன்போட இருந்தேன்."

வெளியே தவளைகள் கத்தின.

"நாளைக்கு வர்றவங்க என்ன செய்வாங்க?"

"எங்ககூட உக்காருவாங்க சார்."

"அப்போ, நீ ஊருக்குப் போகலையா?"

"போகல சார்."

தெய்வநாயகம் விளக்கை ஏற்றினார். கோப்பையைத் திறந்து பார்த்தார். ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. அதைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் துடைத்தார்.

"உட்காரு" என்றார்.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். அதை அப்போதுதான் கவனித்தவர்போல எழுந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, உள்ளறையில் ஒரு பாயைத் தேடப் போனார்.