தண்டில் இரண்டு வெட்டு

கலப்பையை டிராக்டரோடு இணைக்கும் குறுக்குத் தண்டை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோணலின் கண்ணில் அந்த இரண்டு உளி வெட்டுகளும் பட்டன. உள்ளே அப்பா மூன்று நாளாக மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தார். மழை பெய்த ஈரம் இன்னும் ஒரு நாள்தான் தாங்கும். அப்பாவோ மண்ணோ, எது முந்தும் என்று தெரியவில்லை.

கோணல் என்பது ஊர் வைத்த பெயர். அவன் உழுத சாலில் புழு பொறுக்கப் போன கொக்கு ஒன்று தலைசுற்றி, அரைமணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அவனும் செய்யாத வைத்தியமில்லை. கொழுவை மாற்றினான். மேல்கம்பியின் நீளத்தைக் கூட்டினான், குறைத்தான். பக்கச் சங்கிலியை இறுக்கினான். டிராக்டர் முனகும், கலப்பை நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும்.

பிறகு அப்பா வருவார். "தள்ளுடா. இது ஆளைப் பார்த்து உழுற கலப்பை" என்பார். துண்டை விரித்து மறைத்துக்கொண்டு, குனிந்து ஏதோ செய்வார். ஏறி ஓட்டினால் நூல் பிடித்தாற்போல் சால் விழும். தண்டை மட்டும் வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் முறிந்துவிடும் என்பது வீட்டுச் சட்டம்; அப்பா படுத்துவிட்டதால்தான் இன்று அவன் துணியாவது அதில் பட்டது. அவனுக்கென்று குத்தகைக்கு நிலம் தர வந்தவர்கள் வயலை ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்பாவைப் பார்க்க வந்த வெல்டர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த வெட்டு யாரு போட்டது?"

வெல்டர் குனிந்து பார்த்தார். நிமிர அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "நான்தான்."

"எதுக்கு ரெண்டு?"

"மேல இருக்கிற ஒண்ணு அவருக்கு."

"இன்னொண்ணு?"

வெல்டர் வானத்தைப் பார்த்தார். அங்கே மேகம்கூட இல்லை. "உனக்கு. நீ ஏறுறதுக்கு முன்னாடி தண்டை அதுல திருப்பி வச்சுடுவாரு. பயலுக்குக் கை வந்துட்டா தனியாப் போயிடுவான்னாரு. ஒரு விரல் அளவுதான் தம்பி."

கோணல் தன் விரலைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தினான். தண்டை அப்பாவின் வெட்டுக்குத் திருப்பி, இறுக்கினான். முறியவில்லை.

அப்பாவின் ஜன்னலை ஒட்டிய வயலில் இறங்கினான். கட்டிலில் கிடந்தபடியே, சத்தத்தை வைத்து யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். கேட்கட்டும். டிராக்டர் முனகவில்லை. மண் ஒரே சீராகப் புரண்டு விழுந்தது. அந்தக் கடைசிவரை போய்த் திரும்பி, ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே குதித்து உள்ளே ஓடினான்.

அம்மா அப்பாவின் கண்களை மூடிவிட்டிருந்தாள்.

"கேட்டாராம்மா?"

"கேட்டாரு. கண்ணைத் தொறந்து, யாரு ஓட்டுறதுன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"வெல்டர்னு சொன்னேன். நிம்மதியாப் போகட்டுமேன்னுதான்."

"அப்ப உனக்கும் தெரியுமா?"

அம்மா போர்வையில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள்.

சேதி கேட்டுச் சித்தப்பா வந்தார். முறைப்படி கொஞ்சம் அழுதார். மூக்கைச் சிந்தப் போனவர் ஜன்னலோடு நின்றுவிட்டார்.

"யாரு உழுதது?"

"வெல்டர்" என்றாள் அம்மா. ஒருமுறை சொன்னது வாயில் பழகிவிட்டது.

"அதானே பார்த்தேன்! அளவுகோல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. ஏன்யா, இவனுக்கும் கொஞ்சம் கத்துக் குடுக்கக் கூடாதா?"

வெல்டர் வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"முதல்ல போய் வண்டியை அணைச்சுட்டு வாய்யா. எழவு வீட்டுல என்ன சத்தம்!" என்றார் சித்தப்பா.

வெல்டர் போனார். அந்த வண்டியை அணைக்கும் கம்பி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. இருக்கைக்குக் கீழே கைவிட்டுத் துழாவுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கோணல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வெகுநேரம் சத்தம் நிற்கவில்லை.