பீரங்கி பார்த்த சன்னல்

நெதர்லாந்தின் தெற்கே இருக்கும் எங்கள் ஊரை நாஜிகளிடமிருந்து மீட்ட போலந்து வீரர்களின் நினைவாகச் சந்தைச் சதுக்கத்தில் ஒரு டாங்கி நிற்கிறது. அதன் பீரங்கி நேராக வெய்நாண்டின் வீட்டுச் சன்னலைப் பார்க்கும். அப்படி நிறுத்தச் சொன்னவன் நான்தான். அவன் அப்பா போரில் ஊர்க்காரர்களை ஜெர்மன்காரனிடம் காட்டிக்கொடுத்தவர்.

தெருப் பக்கத்துச் சன்னலுக்கு இங்கே பகலில் யாரும் திரை போடுவதில்லை. போட்டால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று பொருள். டாங்கி வந்த நாளிலிருந்து வெய்நாண்ட் முப்பது வருடம் திரை போட்டிருந்தான். இருட்டிலேயே கிடந்து அவன் வீட்டுக் கறுப்புப் பூனை வெள்ளையாகிவிட்டது. நானே பார்த்தேன்.

போன ஏப்ரலில் நினைவுச்சின்னக் குழுவுக்கு வந்தான். நான் தலைவர்.

"கொஞ்சம் திருப்பி வையுங்கய்யா. சாகறதுக்குள்ள ஒருநாளாவது திரையைத் திறந்துபோட்டு காபி குடிக்கணும்."

"திறயேன். யாரு வேணாம்னா?"

"காட்டிக்கொடுத்தது எங்கப்பன். எனக்கு அப்ப ரெண்டு வயசு!"

"ரெண்டு வயசுலயே உன் முழி சரியில்லையே."

திருப்ப ஆறு ஓட்டு. வேண்டாமென்று ஒன்று, என்னுடையது. துருப்பிடித்த பீரங்கியில் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தார்கள். அது போட்ட முனகலில் பக்கத்து ஊர்ப் பசுக்கள் மூன்று நாள் தயிராகவே கறந்தன. கொஞ்சம் திரும்ப வேண்டியது சரசரவென்று சுற்றி, உள்ளே ஏதோ முறிந்து, நின்றது. நேர் எதிரே என் சன்னல்.

"இனி இது அசையாது" என்றான் மெக்கானிக்.

மறுநாளே வெய்நாண்ட் திரையைக் கழற்றினான். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காபியும் ஒற்றை பிஸ்கட்டுமாக உட்கார்ந்து, சதுக்கமே கேட்கக் கத்தினான்.

"கெர்லோஃப்! உங்கப்பா ஜெர்மன் முகாமுக்குப் பால் ஊத்துன கேன் இன்னும் இருக்கா?"

"பாதிக்குப் பாதி தண்ணி கலந்துதான்யா ஊத்தினாரு! அதுவும் போராட்டம்தான்!"

"தண்ணிப் பாலு ஊருக்குத்தானே வந்துச்சு! அவனுங்களுக்குப் போனது கெட்டிப்பாலு!"

சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான்கு நாள் அந்தப் பீரங்கிக் குழாயின் வாயைப் பார்த்தபடியே ரொட்டி தின்றேன். ஐந்தாம் நாள் திரை வாங்கினேன். கெட்டித் துணி.

கேட்பவர்களிடம், வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லியிருக்கிறேன். என் சன்னல் வடக்குப் பார்த்தது, வெயிலே விழாது. அது ஊருக்கே தெரியும். மரியாதைக்கு யாரும் மேலே கேட்பதில்லை.

வெய்நாண்ட் மட்டும் தினமும் கேட்கிறான்.

"என்னய்யா கெர்லோஃப், இன்னிக்கும் வெயிலா?"