நடன மண்டபத்தில் லிபோரியோ

மலைகள் முப்புறமும் காவல் நிற்க, ஒருபுறம் மட்டும் கடலுக்குத் திறந்து கிடக்கும் எங்கள் பலெர்மோ நகரின்மீது, இலையுதிர் காலத்து மாலை வெயில் பழுத்த எலுமிச்சையின் நிறங்கொண்டு படர்ந்திருந்தது. பாலை மணலைச் சுமந்து கடல்கடந்து வந்த வெங்காற்று, மீன்கடைகளின் செந்நிறத் துணிப்பந்தல்களை விம்மச் செய்து, கோயில் மணியோசையைத் தெருத்தெருவாய் இழுத்துச் சென்று, மோந்தெலாராக் கோமக்களின் பழைய அரண்மனை வாயிலில் புழுதியாய் அடங்கிற்று. அருங்காட்சியகமாகிவிட்ட அம்மாளிகையின் பளிங்குப் படிகளில், கைப்பிடிச் சுவரைப் பற்றியவாறு, கருநிற மேலாடை அணிந்த நுன்சியா என்னும் முதியவள் தனியே ஏறிக்கொண்டிருந்தாள்.

வடக்கே தொலைவிலுள்ள தூரின் நகரத்து ஆலையில் ஊர்தி இருக்கைகளுக்கு உறை தைத்து இளமையைக் கழித்து, கணவனை அங்கேயே மண்ணுக்குக் கொடுத்து, மக்கட்பேறும் இன்றி, பிறந்த ஊரிலேயே கண்மூடலாம் என்று மீண்டவள் அவள். மீண்டபின் அவளைப் பெயர்சொல்லி அழைப்பார் ஒருவரும் இலர். கடைக்காரன் கூட அவளுடைய வடநாட்டுப் பேச்சொலியைக் கேட்டு, வெளியூராள் என்றெண்ணி, மீனின் பெயரை இருமுறை சொல்லுவான்.

நடன மண்டபத்தை அடைந்ததும் அவள் கால்கள் தயங்கின. போர்க்காலத்தில் வானினின்று விழுந்த குண்டுகளுக்கு வீட்டைப் பறிகொடுத்த குடும்பங்கள் இம்மண்டபத்தில்தான் அடைக்கலம் புகுந்தன. பளிங்குத் தெய்வமகள் சிலையின் கழுத்துக்கும் சுவரின் பொற்கொக்கிக்கும் இடையே கயிறு கட்டி, அதில் போர்வைகளைத் தொங்கவிட்டு, அவற்றையே சுவரெனக் கொண்டு வாழ்ந்தன. அவ்வாறு வாழ்ந்த நாளில், சாளரத்தருகே கிடந்த வைக்கோல் மெத்தையில், அவளுடைய இளவல் லிபோரியோ காய்ச்சலால் வெந்து அவிந்தான். இன்று அவ்விடத்தில் பொன்முலாம் பூசிய இருக்கையொன்று பட்டுக்கயிற்றுக்கு அப்பால் வீற்றிருந்தது. கயிற்றை விலக்கி அவள் உள்ளே அடிவைத்தாள்.

காவற்பெண் விரைந்து வந்தாள். "அம்மா, கயித்தைத் தாண்டக் கூடாது. இந்தப் பக்கம் வந்துடுங்க."

"என் தம்பி செத்த இடம்மா இது. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடறேன்."

காவற்பெண் இரக்கத்தோடு அவளை நோக்கி, இங்குக் கோமக்கள் குடியன்றி வேறெவரும் வாழ்ந்ததில்லை என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் மென்மையாய் உரைத்து, சுவர்ப்பலகையைச் சுட்டினாள். பலகையோ, இறுதி நடனவிழாவைச் சொன்ன கையோடு, மண்டபம் புதுப்பிக்கப்பெற்ற ஆண்டுக்குத் தாவியிருந்தது. தான் கண்மூடினால் லிபோரியோ பிறந்தான் என்பதற்கும் இவ்வுலகில் சான்றில்லை என்னும் எண்ணம் அவள் நெஞ்சைக் கவ்விற்று.

அப்போது, எதிர்ச்சுவரோரம் அமர்ந்திருந்த கிழவர் ஒருவர் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"அந்தம்மா சொல்றது நெசந்தான். சண்டை நேரத்துல நாங்கல்லாம் இங்கதான் கெடந்தோம். ஆனா அந்த மூலை எங்களுது. அவங்களுது அடுத்த சன்னல்."

"உங்களுதா?" நுன்சியா வெடுக்கெனத் திரும்பினாள். "உங்கம்மா போர்வையைத் தள்ளித் தள்ளிக் கட்டினாங்களே, அப்படி ஆயிருச்சு உங்களுது."

கிழவர் பல்லில்லா வாயைத் திறந்து நகைத்தார். "அப்ப நீ நுன்சியாவேதான். வாய் அப்படியே இருக்கு."

அவர் கஸ்பாரே, போர்வைக்கு அப்பால் வாழ்ந்த சிறுவன். நெடுநாளைக்குப்பின் தன் பெயரைப் பிறர் வாயில் கேட்ட அவள், அவரருகே அமர்ந்து, தம்பியை நினைவிருக்கிறதா என்று அஞ்சி அஞ்சி வினவினாள். அவர் ஓவியக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மறக்குமா? மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேல இருக்கற சாமிங்களுக்கெல்லாம் பேரு வெப்பான். அந்தத் தொப்பைக்காரரு ரொட்டிக்கடை மாமாவாம். நமக்குத் தராம எல்லாத்தையும் அவரே தின்னுட்டாராம். பசியில கெடந்த மண்டபமே சிரிச்சுது."

அவள் திகைத்தாள். இத்தனை ஆண்டும் அவனுடைய சாவையன்றி அவள் நெஞ்சு வேறொன்றையும் காத்து வைத்திருக்கவில்லை. இப்பொழுதோ அவன் நகைப்பொலி, அடைபட்ட ஊற்று கல்லைப் பெயர்த்துக்கொண்டு பீறிடுவதுபோல், அவளுக்குள் எழுந்தது. அழுகையும் சிரிப்புமாய் அவள் குலுங்கினாள்.

அந்நேரம் கஸ்பாரேயின் மகள் பிலிப்பா அவரை அழைத்துச்செல்ல வந்தாள். அவர் எழுந்து, நுன்சியாவைப் புதிதாய்க் கண்டவர்போல் நோக்கி, "இந்தம்மா யாரு? நம்ம சொந்தமா?" என்றார்.

பழையன எல்லாம் தந்தைக்குத் தெளிவாயிருப்பதையும், இன்று நடப்பதுதான் நினைவில் நில்லாமல் நழுவுவதையும் மகள் தாழ்ந்த குரலில் விளக்கி, விருப்பமிருந்தால் வீட்டுக்கு வரலாம் என்றாள்.

நுன்சியா சென்றாள். ஞாயிறுதோறும் சென்றாள். செல்லுந்தோறும் தான் இன்னாள் எனக் கூறிப் போர்வைச் சண்டையை மூட்டுவாள். அவரும் அவளை அறிந்துகொண்டு, லிபோரியோவின் கதையைப் புதிதெனச் சொல்லுவார். அவளும் புதிதெனக் கேட்டுச் சிரிப்பாள். வீடு திரும்பும் தெருவில் தனிமை முன்போலவே உடன் நடந்தது. எனினும் அதன் நடை சற்றே மெலிந்திருந்தது.

வேனில் தொடங்கிய ஒரு ஞாயிறன்று, அவள் தன் பெயரையும் தம்பியின் பெயரையும் சொல்லியும் அவர் கண்களில் ஒளி எழவில்லை. "லிபோரியோவா?" என்றார், பணிவோடு. "அது யாருங்க?"

பிலிப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நுன்சியா நாற்காலியை நெருக்கிப் போட்டு, அம்முதியவரின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்," என்று தொடங்கினாள்.

பொன்னில் எழுதப்பெற்ற கோமக்களின் பெயர்களை அரண்மனைச் சுவர்கள் காக்கின்றன. எளியோரின் பெயர்களோ, ஒரு வாயினின்று ஒரு செவிக்கு, அச்செவி கேட்கும் மட்டுமே, வாழ்ந்து செல்கின்றன.